சாய்ந்தால் திரும்ப வேண்டும்: முதல் ஸ்கேட்போர்டும் அதன் இயற்பியலும்

ஸ்கேட்போர்டில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. பிரேக் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. ஏறி நிற்பவர் உடம்பைச் சற்றே ஒரு பக்கம் சாய்க்கிறார். பலகை அந்தப் பக்கம் திரும்புகிறது. சாய்வைத் திருப்பமாக மாற்றித் தருவது பலகைக்கு அடியில், அச்சைத் தாங்கும் பாகத்துக்குள் ஒளிந்திருக்கும் நான்கு சிறிய பாலியூரித்தேன் வளையங்கள். ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. உயரம்தான் இருக்கும். மெக்கானிக்குகள் மொழியில் சொன்னால் புஷ். கடையில் பெரும்பாலும் இவற்றை யாரும் காட்டுவதில்லை. பலகையின் அடியில் வரைந்திருக்கும் மண்டையோட்டையும் தீ நாக்குகளையும்தான் காட்டுகிறார்கள்.

ஒரு பிள்ளை ஸ்கேட்போர்டு பழகும் முதல் வாரங்களில் நடப்பது உடம்புக்கும் பலகைக்கும் இடையிலான கேள்வியும் பதிலும். கணுக்காலை இவ்வளவு சாய்த்தேன், எவ்வளவு திரும்பியது? எடையை முன்காலுக்கு மாற்றினேன், என்ன ஆயிற்று? ஒவ்வொரு முறையும் பலகை ஒரே மாதிரி பதில் தந்தால், சிறுமூளை அதைக் குறித்துக்கொண்டு அடுத்த அசைவைத் திருத்துகிறது. பதிலே தராத பலகையில் அந்தப் பாடம் தொடங்குவதே இல்லை. பொம்மைக் கடையில் வாங்கிய பலகையில் ஏறி, சாய்ந்து பார்த்து, அது நேராகவே போய்ச் சின்னக் கல்லில் முட்டி நிற்க, குப்புற விழும் பிள்ளை ‘பலகை சரியில்லை’ என்று சொல்வதில்லை. ‘எனக்கு இது வராது’ என்று சொல்கிறது. இரண்டு வாரத்தில் பலகை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. தோற்றது இயந்திரம், பழியைச் சுமப்பது பிள்ளையின் உடம்பு. இந்த அநியாயம் நடக்காமல் தடுக்க, வாங்கும்போதே பலகையைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

எல்லாப் பாகங்களும் பூட்டப்பட்டு, வாங்கியவுடன் ஏறி ஓட்டத் தயாராக வரும் போர்டை ‘காம்ப்ளீட்’ என்பார்கள். டெக் என்கிற மரப்பலகை, அதன் மேல் ஒட்டிய உப்புத்தாள் போன்ற கிரிப் டேப், சக்கர அச்சைத் தாங்கும் இரண்டு டிரக், நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு பேரிங், டிரக்கை டெக்கோடு பிணைக்கும் எட்டு போல்ட்டு, இவ்வளவுதான் மொத்தமும். பழகியவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்து பூட்டிக்கொள்வார்கள். புதியவருக்கு அது தேவையில்லை. ஸ்கேட்போர்டு நிறுவனங்களே பூட்டித் தரும் காம்ப்ளீட், தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைவு. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியும் வரும். சிக்கல் எங்கே என்றால், அதே உருவத்தில், அதே படங்களோடு, விளையாட்டுப் பொருள் வரிசையில் தொங்கும் பொம்மைப் பலகையும் தன்னைக் காம்ப்ளீட் என்றே சொல்லிக்கொள்கிறது.

முதலில் டிரக்கைப் பார்ப்போம். டெக்கோடு ஒட்டியிருப்பது அடித்தகடு. அதிலிருந்து சாய்வாக ஒரு தடித்த போல்ட்டு எழும்பும், அதுதான் கிங்பின். எஃகு அச்சைத் தாங்கும் முக்கோண வடிவ உலோகப் பாகம் ஹேங்கர். ஹேங்கர் இரண்டு புஷ்களுக்கு நடுவே கிங்பின்னில் கோத்து நிற்கிறது; அதன் மூக்குப் பகுதி அடித்தகட்டில் இருக்கும் ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழியையும் புஷ்களின் நடுவையும் இணைக்கும் கற்பனைக் கோடு தரைக்குச் செங்குத்தாகவும் இல்லை, கிடையாகவும் இல்லை; சாய்ந்திருக்கிறது. ஹேங்கர் அந்தச் சாய்ந்த கோட்டைச் சுற்றி மட்டுமே சுழல முடியும். அதனால் பலகை இடப்பக்கம் சாய்ந்தால் முன் அச்சு இடப்பக்கம் திரும்பும். பின் டிரக் எதிர்த்திசை பார்த்துப் பூட்டப்பட்டிருப்பதால் பின் அச்சு வலப்பக்கம் திரும்பும். இரண்டும் சேர்ந்து பலகையை வட்டப் பாதையில் கொண்டுபோகும்.

எவ்வளவு பெரிய வட்டம்? அந்தக் கோட்டின் சாய்வு 45 பாகை, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 43 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பலகையை 10 பாகை சாய்க்கும்போது ஒன்றேகால் மீட்டர் ஆரமுள்ள வட்டம் கிடைக்கிறது. 5 பாகை சாய்த்தால் ஆரம் சுமார் இரண்டரை மீட்டர். ஒரு கார் நிற்கும் இடத்துக்குள் வளைந்து திரும்பிவிடலாம் என்றால் அது கணுக்கால் கொடுக்கும் சில பாகைச் சாய்வின் வேலை. பொம்மைப் பலகையின் டிரக் பல சமயம் பிளாஸ்டிக். அதன் புஷ்ஷும் இறுகிய பிளாஸ்டிக். முழு எடையோடு சாய்ந்தாலும் ஓரிரு பாகைதான் இறங்கும். அப்போது பலகை வளைய ஆறு மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். மாடித் தளத்தில் அவ்வளவு இடம் எது?

இந்தத் திருப்பம் வளைவதற்கு மட்டும் பயன்படுவதில்லை, விழாமல் நிற்பதற்கும் அதுதான் உதவுகிறது. ஓடும் பலகையில் ஒருவர் இடப்பக்கம் சரியத் தொடங்கினால் பலகையும் இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கம் திரும்பி, சரிகிற உடம்புக்கு அடியில் போய் நிற்கிறது. மிதிவண்டி ஓட்டும்போது விழுகிற பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பிச் சமாளிப்பதும் இதே இயற்பியல். நின்ற பலகையில் இந்த உதவி கிடைக்காது. அதனால்தான் அசையாத போர்டில் நிற்பதைவிட மெல்ல உருளும் போர்டில் நிற்பது எளிது. சாய்வும் திருப்பமும் பின்னிக்கொள்ளும் இந்த இயக்கத்தைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த மான்ட் ஹப்பர்ட் 1979இல் சமன்பாடுகளாக எழுதினார். ஸ்கேட்போர்டின் நிலைப்பாட்டைப் பற்றிய பிந்தைய ஆய்வுகள் பலவும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இது தெரிந்தால், புதியவர்கள் செய்யும் ஒரு காரியம் எவ்வளவு தவறான திசையில் போகிறது என்பதும் புரியும். பலகை ஆடுகிறதே என்று பயந்து கிங்பின் நட்டை முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். புஷ் நசுங்கி இறுகுகிறது, ஆட்டம் நிற்கிறது, கூடவே பலகையின் தற்காப்பும் நின்றுபோகிறது. அதன் பிறகு அது உருளும் பெஞ்சு. உடம்பு சரியும்போது அது கூட வராது.

புஷ்ஷின் கடினத்தைத் தேர்வது எடையைப் பொறுத்தது. பொதுவாகப் பூட்டி வரும் 90ஏ கடினமுள்ள (எண் கூடினால் கடினம் கூடும்) புஷ் வளர்ந்தவரின் எடைக்கு ஏற்றது. 25 கிலோ பிள்ளை அதன்மேல் நின்று சாய்ந்தால் கொஞ்சம்தான் இறங்கும். சிறு பிள்ளைக்கு 80ஏ-யை ஒட்டிய மெத்தென்ற புஷ் போட்டுக் கொடுத்தால் அதே பலகை உயிர் பெற்றதுபோல் திரும்பும். தனியாக வாங்கினாலும் விலை பெரிதில்லை. கடையில் சோதிப்பது எளிது: போர்டைத் தரைவிரிப்பின் மேல் வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை ஏறச் சொல்லுங்கள். குதிகாலை அழுத்தினால் பலகையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி இறங்க வேண்டும். அழுத்தத்தை விட்டால் தானே மேலே வர வேண்டும். இறங்கவே இல்லை என்றால் நட்டைச் சிறிது தளர்த்திப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால், அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

இனி சக்கரம். இதில் சற்று வரலாறு உண்டு, அது தேர்வுக்கு நேரடியாக உதவவும் செய்யும்.

1950களில் கலிஃபோர்னியாவில் அலை இல்லாத நாட்களில் சும்மா இருக்க முடியாத சர்ஃபிங் இளைஞர்கள், ரோலர் ஸ்கேட்டின் எஃகுச் சக்கரங்களைக் கழற்றி மரக்கட்டையில் அடித்துத் தெருவில் ஓட்டினார்கள். 1960களில் களிமண் கலந்து செய்த சக்கரங்கள் வந்தன. எஃகைவிடச் சற்று மெத்து. ஆனாலும் ஒரு சிறு கல் குறுக்கே வந்தால் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் போய்க்கொண்டிருப்பார். 1965 மே மாதத்தில் ‘லைஃப்’ இதழ், பலகையின் மேல் தலைகீழாகக் கை ஊன்றி நிற்கும் பேட்டி மெக்கீயின் படத்தை அட்டையில் போட்டு, இந்த விளையாட்டை வெறி என்றும் ஆபத்து என்றும் ஒரே மூச்சில் எழுதியது. அந்த ஆண்டே பல ஊர்களில் தடை வந்தது, விற்பனை சரிந்தது. விளையாட்டு கிட்டத்தட்டச் செத்தேவிட்டது.

அதை மீட்டது ஒரு வேதிப்பொருள். 1970இல் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் வர்ஜீனியா மாநிலத்தின் பர்செல்வில் ஊரில், ஒரு நண்பரின் தந்தை நடத்திய பிளாஸ்டிக் ஆலைக்குப் போனார். அங்கே ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்த பாலியூரித்தேன் சக்கரங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. வழவழப்பான மரத்தளத்தில் வேகமாகப் போக நினைத்த ஸ்கேட்டர்கள் அவை மெத்தென்றும் மெதுவாகவும் இருப்பதாகச் சொல்லி ஒதுக்கியிருந்தார்கள். நாஸ்வொர்த்தி அவற்றைத் தன் பலகையில் பூட்டிப் பார்த்தார். தெருவில் அவை அமைதியாக ஓடின, தரையைப் பற்றின, கல்லை விழுங்கின. கலிஃபோர்னியாவுக்குப் போய் ‘கேடிலாக் வீல்ஸ்’ என்ற பெயரில் அவர் விற்கத் தொடங்கிய சக்கரம் 1970களின் நடுவில் ஸ்கேட்போர்டை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தது. தளத்தில் மெதுவான சக்கரம் தெருவில் வேகமானது. ஏன்?

உருளும் பாலியூரித்தேன் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விலகும்போது விரிகிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. வழவழப்பான தரையில் இதுதான் முக்கிய இழப்பு. கடினமான சக்கரம் குறைவாக நசுங்குவதால் அங்கே வெல்கிறது. கரடான தரையில் கணக்கு மாறுகிறது. கடினச் சக்கரம் ஒவ்வொரு ஜல்லி முனையிலும் ஏறி இறங்குகிறது. ஓட்டுபவரின் உடம்பே ஒவ்வொரு முறையும் நூலிழை தூக்கப்பட்டுக் கீழே விழுகிறது. முன்னே போக வேண்டிய ஆற்றல் பாதத்தில் நடுக்கமாகவும் காதில் இரைச்சலாகவும் கரைகிறது. மெத்தென்ற சக்கரம் அந்த முனைகளைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உடம்பை ஒரே மட்டத்தில் கொண்டுபோகிறது.

ஒரு கல்லை எடுத்துக்கொண்டு எண்களில் பார்ப்போம். 52 மி.மீ. விட்டமுள்ள, கொஞ்சமும் நசுங்காத சக்கரம் 3 மி.மீ. உயரக் கல்லில் மெல்ல ஏற வேண்டுமானால், அந்தச் சக்கரத்தின் மேல் இறங்கும் எடையில் பாதிக்குச் சற்று மேலான விசையால் அதைத் தள்ள வேண்டும். 66 செ.மீ. விட்டமுள்ள மிதிவண்டிச் சக்கரத்துக்கு அதே கல்லில் ஏழில் ஒரு பங்கு எடை போதும். நாம் மிதிவண்டியில் போகும்போது கண்ணில்கூடப் படாத கல் ஸ்கேட்போர்டுக்குச் சுவராக நிற்பது இதனால்தான். சரி, சக்கரத்தைப் பெரிதாக்கினால்? 60 மி.மீ. ஆக்கினாலும் தேவைப்படும் விசை பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. ஆனால் கல் 2 மி.மீ. சக்கரத்துக்குள் அமிழ்ந்து 1 மி.மீ. மட்டுமே வெளியே நின்றால், விசை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஆகவே நம் சாலைகளில் விட்டத்தைவிட மெத்துத்தன்மைக்குத்தான் முதலில் கவனம் கொடுக்க வேண்டும்.

மெத்துத்தன்மையை அளக்கும் கருவி டியூரோமீட்டர். ஆல்பர்ட் ஷோர் 1920களில் உருவாக்கிய முறை அது: ஒரு சிறு முனையைப் பொருளின் மேல் அழுத்தி, எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பது. எண் கூடினால் கடினம் கூடும். ஸ்கேட்போர்டுச் சக்கரத்தின் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: 52 மி.மீ., 99ஏ என்பதுபோல. ஸ்கேட் பூங்காவின் மெழுகுபோன்ற கான்கிரீட்டுக்கும் துள்ளல் வித்தைகளுக்கும் 95ஏ முதல் 101ஏ வரை. தெருவில் உருள 78ஏ முதல் 87ஏ வரை. நடுவில் இருப்பவை இரண்டுக்கும் சமாதானம். சில நிறுவனங்கள் வேறு அளவுகோலில் 83பி என்று போடும். 83 என்றதும் மெத்து என்று எண்ணி ஏமாற வேண்டாம், அது 99ஏ-யைவிடவும் கடினம்.

இங்கேதான் காம்ப்ளீட் வாங்கும் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். பெரும்பாலான காம்ப்ளீட்கள் ஸ்கேட் பூங்காவை மனதில் வைத்துக் கடினச் சக்கரத்தோடு வருகின்றன. அதைக் கொண்டுவந்து ஜல்லி துருத்திய தார்ச்சாலையில் இறக்கினால் பல் ஆடும். பழகப்போகும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள். அடுக்குமாடியின் வாகன நிறுத்தத் தளமோ பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தளமோ கிடைக்கும் என்றால், வந்த சக்கரத்தோடே ஓட்டலாம். தெருதான் என்றால், அதே காம்ப்ளீட்டை எடுத்து, சக்கரத்தை மட்டும் 54 முதல் 56 மி.மீ. விட்டமுள்ள 78ஏ வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரிய சக்கரம் போட்டால் சாய்ந்து திரும்பும்போது அது டெக்கின் அடியில் உரசி, பலகை சட்டென நின்றுவிட வாய்ப்புண்டு. டிரக்குக்கும் டெக்குக்கும் நடுவே 3 மி.மீ. தடிமனுள்ள ரைசர் என்ற தட்டை வைத்தால் அந்த உரசல் நீங்கும். பேவர் பிளாக் பதித்த நடைபாதையில் மட்டும் எந்தச் சக்கரத்தோடும் முதல் பாடம் வேண்டாம்; கல்லுக்குக் கல் இடைவெளி, சக்கரத்துக்கு ஒவ்வொன்றும் பள்ளம்.

சக்கரத்தில் இன்னொரு சோதனை உண்டு. பொம்மைப் பலகைகளின் சக்கரம் பல சமயம் பிவிசி. பளபளப்பாக இருக்கும், கீழே தட்டினால் ‘டக்’ என்று வறண்ட ஓசை வரும், வழவழப்பான தரையில் திரும்பும்போது வழுக்கும். பெட்டியிலோ சக்கரத்திலோ கடினத்தின் எண்ணே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

பேரிங் பற்றி விற்பனையாளர்கள் பேசும் அளவுக்கு எனக்குப் பேசத் தோன்றவில்லை. ஸ்கேட்போர்டில் இருப்பது 608 என்ற உலகப் பொதுவான பேரிங்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் விரலில் சுழற்றிய ஸ்பின்னரின் நடுவிலும் பெரும்பாலும் இதுவேதான். ஏபெக் 5, ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெட்டியில் போட்டு, எண் கூடினால் வேகம் கூடும் என்று விற்கிறார்கள். அந்த எண் சொல்வது பேரிங்கின் அளவுகள் எத்தனை நுண்மையாகக் கடையப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும்தான். குண்டுகளின் எஃகுத் தரமோ, மசகோ, பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்கும் திறனோ அதில் வராது. 52 மி.மீ. சக்கரம் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 முறைதான் சுழல்கிறது. 608 பேரிங்கோ 20,000 சுற்றுக்கும் மேல் தாங்கக்கூடியது. பழகுபவரின் வேகத்தில் ஏபெக் 3-க்கும் ஏபெக் 9-க்கும் உள்ள வேறுபாட்டைக் கால் உணராது.

சக்கரத்தை விரலால் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று பார்க்கும் வழக்கமும் அவ்வளவு நம்பத்தக்கதல்ல. புதுப் பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருந்தால் வெறும் கையில் சீக்கிரம் நிற்கும். 50 கிலோ ஏறியதும் அந்தக் கிரீஸின் தடை ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும். பார்க்க வேண்டியது வேறு: சுழலும்போது கரகரப்பு இருக்கிறதா, சக்கரம் ஒரு பக்கம் கோணலாக ஆடுகிறதா, அச்சு நட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மயிரிழை அசைவு இருக்கிறதா என்பதை. அந்த அசைவு இருக்க வேண்டும். இறுக முறுக்கினால் பேரிங் நெரியும். மழைத் தண்ணீரும் கடற்கரை உப்புக்காற்றும் பேரிங்குக்கு எமன். நனைந்தால் அன்றே துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள்.

டெக்குக்கு வருவோம். நல்ல டெக் ஒற்றைப் பலகை இல்லை. வட அமெரிக்காவின் சர்க்கரை மேப்பிள் மரத்தைச் சுருளாகச் சீவி எடுத்த, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.5 மி.மீ. தடிமனுள்ள 7 தாள்களைப் பசையிட்டு அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். குளிர்ப் பிரதேசத்தில் நிதானமாக வளரும் மரம் என்பதால் இழை நெருக்கமானது. 7 தாள்களில் வழக்கமாக 5-இன் நார் நீளவாக்கில் ஓடும். 2-இன் நார் குறுக்கே ஓடும். மரம் நாரின் திசையில் வலுவானது, குறுக்கே பிளக்கக்கூடியது. அந்தக் குறுக்குத் தாள்கள்தான் பிளவைத் தடுக்கின்றன. இரு ஓரங்களும் சற்று மேலெழுந்து நடு பள்ளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய காகிதத்தை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பிடித்தால் அது தொங்காமல் விறைத்து நிற்கிறதே, அதே தந்திரம்தான். கூடவே, விளிம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலேயே பாதம் தெரிந்துகொள்ளவும் அந்த வளைவு உதவுகிறது. பொம்மைப் பலகை பெரும்பாலும் தட்டையாக இருக்கும். அதன் ஓரத்தை உற்றுப் பார்த்தால் தாள்களை எண்ண முடியாதபடி பெயின்ட் பூசியிருப்பார்கள்.

அகலத்தைத் தேர்வதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. என் கருத்து: பத்து வயதுக்குள் இருக்கும் சிறிய பாதத்துக்கு 7.25 முதல் 7.5 அங்குலம், அதற்கு மேல் 7.75 அல்லது 8. வளர்ந்தவர் என்றால் 8 முதல் 8.25. அகலம் கூடினால் நிற்க இடம் கூடும், ஆனால் சாய்க்கவும் சுழற்றவும் கூடுதல் விசை வேண்டும். ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று பெரிய அளவு சட்டை எடுக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். எந்த அகலம் எடுத்தாலும் மேலே நின்று நேராகக் கீழே பாருங்கள்: சக்கரத்தின் வெளிமுகம் டெக்கின் விளிம்போடு ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சக்கரம் வெகுவாக உள்ளே ஒடுங்கியிருந்தால் பலகை எளிதில் கவிழும். வெளியே துருத்தினால் கால் இடறும்.

22 அங்குல நீளத்தில் மிட்டாய் நிறங்களில் வரும் பிளாஸ்டிக் பலகை பள்ளிப்பைக்குள் அடங்கும், தெருவில் மெத்தென்று உருளும். ஆனால் முதல் பலகையாக அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இரண்டு பாதத்துக்கும் இடமில்லாத பலகையில் சமநிலை பழகுவது கடினம். நீளமான லாங்போர்டு நிற்பதற்கு இதமானது, நீண்ட நேர்சாலை இருப்பவர்களுக்கு ஏற்றது.

பலகைக்கு ஒதுக்கும் பணத்திலேயே தலைக்கவசத்துக்கும் மணிக்கட்டுக் காப்புக்கும் இடம் விட வேண்டும். விழும்போது கையை நீட்டி ஊன்றுவது யோசித்துச் செய்வதில்லை, உடம்பின் அனிச்சை. அப்படி ஊன்றும்போது மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பு முறிகிறது. ஸ்கேட்போர்டு விபத்துகளில் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் முறிவு இது. மணிக்கட்டுக் காப்பின் கெட்டித் தகடு அந்த அடியைச் சறுக்கலாக மாற்றிவிடுகிறது. தலைக்கவசத்தில் ஒரு நுட்பம் உண்டு. மிதிவண்டிக் கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஒரே ஒரு பெரிய அடிக்காகச் செய்தது. நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஸ்கேட்போர்டிலோ சின்னச் சின்னதாகப் பல தடவை விழுவோம். திரும்பத் திரும்ப விழும் அடிகளுக்காகச் சோதித்த கவசங்களில் ஏஎஸ்டிஎம் எஃப்1492 என்ற குறி இருக்கும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டே வேண்டாம் என்றும், பத்து வயது வரை பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதை நானும் வழிமொழிகிறேன்.

வயதையோ ஆணா பெண்ணா என்பதையோ காட்டி யாரையும் தள்ளிவைக்கத் தேவையில்லாத விளையாட்டு இது. தோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதல்முறை சேர்க்கப்பட்டபோது பெண்கள் தெருப்பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. 2020இல் சிறந்த பிரிட்டிஷ் குறும்படத்துக்கான பாஃப்டா பரிந்துரைப் பட்டியலில் இருந்த ஐந்து படங்களில் இரண்டு ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமிகளைப் பற்றியவை: ஒன்று காபூல் பிள்ளைகளின் கதை, அதுவே வென்றது; மற்றொன்று நம் மாமல்லபுரத்துச் சிறுமியைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த ‘கமலி’. வீட்டில் பெண் பிள்ளைகள் இருப்பவர்கள் இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் போர்டைத் தரைவிரிப்பிலோ புல்லிலோ வையுங்கள், உருளாது. எந்தக் கால் முன்னால் என்று யோசிக்க வேண்டாம். பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, அதையே முதலில் முன்காலாக வைத்துப் பாருங்கள்; வசதிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். முழங்காலை மடக்கி, பாதங்களை முன் போல்ட்டுகளின் மேலும் பின் போல்ட்டுகளின் மேலும் வைத்து நின்று, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மாறி மாறிச் சாயச் சொல்லுங்கள். பிறகு வழவழப்பான தரையில் கையைப் பிடித்துக்கொண்டு அதையே செய்தால், பலகை பாம்புபோல் வளைந்து போவதைப் பிள்ளையே பார்க்கும்.

செலவைப் பற்றி இன்னும் ஒன்று. டெக் தேயும் பொருள். வால் பக்கம் தரையில் உரசி உரசிக் கூர்மையாகும், ஒரு மழையில் நனைந்தால் தாள் பிரியும், வித்தை பழகத் தொடங்கினால் ஒருநாள் முறியும். சக்கரம் அதைவிடக் கூடுதல் காலம் வரும். வார்ப்பு அலுமினிய டிரக், புஷ்ஷை மட்டும் அவ்வப்போது மாற்றினால், பல ஆண்டு உழைக்கும். அடுத்த டெக்கிலும் அதற்கடுத்த டெக்கிலும் அதையே பூட்டலாம். கையில் உள்ள பணம் இழுத்துப் பிடித்தால், படம் இல்லாத வெறும் டெக்கோடு வரும் காம்ப்ளீட்டை எடுங்கள், சலுகை விலையில் கிடைக்கும் பழைய மாடலை எடுங்கள், தெரிந்த ஓட்டுநர் பயன்படுத்திய டிரக்கைக்கூட வாங்குங்கள். உலோக டிரக் இல்லாத பலகையை மட்டும் வாங்காதீர்கள்.